வலது மூலையில் ஓர் எண்

சபையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கு அவன் கேமரா அண்ணன், பெரியவர்களுக்குக் கேமரா தம்பி. வாரத்தில் ஆறு நாள் அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகளில், கிரீஸ் வாசனைக்கும் மோட்டார் சூட்டுக்கும் நடுவில், பாதியில் நின்றுபோன லிஃப்டுகளை மறுபடி நகரவைப்பது அவன் பிழைப்பு. ஏழாவது நாள்தான் அவன் கேமரா.

ஆரம்பத்தில் அது நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் சபையில் நர்ஸ் அத்தை என்று எல்லோரும் அழைக்கும் ஓர் அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஓடியாடியவள் படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் அவன் அப்பா மேற்பார்வையாளராக இருந்தார். "பாவம்டா, சிஸ்டர். ஞாயித்துக்கிழமையானா சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அடுத்த வாரமே அவன் தன் ஃபோனை ஒரு தூணில் கம்பியால் கட்டிவைத்து ஆராதனையை நேரலையாக அனுப்பினான்.

அன்று பார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரையும் அவனுக்குத் தெரியும். யாருக்கு மூட்டுவலி, யார் பிள்ளைபெற்றுப் படுத்திருக்கிறாள், யாருக்குக் கீமோ போகிறது என்று விரல்விட்டுச் சொல்வான். ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "அத்தை, சத்தம் கேக்குதா? படம் தெரியுதா?" என்று விசாரிப்பான். பிறகு அவர்களுக்காக ஒரு ஜெபம். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துவான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு சிறுமி தனியாகப் பாடிய பாட்டை அவன் துண்டாக வெட்டிப் போட, நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அன்று திங்கட்கிழமை. பதினான்காம் மாடியில் ஒரு கதவு சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தவன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் எண் கூடியிருந்தது. உடம்பு லேசானது. இத்தனை பேருக்கு ஆண்டவருடைய வார்த்தை போகிறதே என்று கண்கூடக் கலங்கியது. அது பொய்க் கண்ணீரும் இல்லை. அதனால்தான் பிறகு நடந்தது எதையும் அவனால் அடையாளம் காண முடியவில்லை.

ஒரு கேமரா நான்கானது. மாடியில் அவனுக்கென்று ஒரு மேசை, காதில் ஹெட்ஃபோன், எதிரே பெரிய திரை. திரையின் வலது மூலையில் அந்த எண். அந்த நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அது சொல்லும். பாட்டுக்கு ஏறும், பிரசங்கத்தின் நடுவில் சரியும், நல்ல உவமை சொன்னால் மறுபடி ஏறும். ஜெப நேரம்தான் மோசம். போதகர் கண்ணை மூடியதும் ஆட்கள் கொத்துக்கொத்தாகக் கழன்றுகொள்வார்கள். ஜெபம் தொடங்கினாலே அவன் மணியைப் பார்க்க ஆரம்பித்தான். 'ஐயா கொஞ்சம் சுருக்கினா என்ன' என்று மனதுக்குள் முணுமுணுப்பான். முணுமுணுப்பது தன் காதிலேயே விழாது.

வீட்டில் காலை உணவுக்கு முன்னால் அப்பா, அவன், அவன் மனைவி மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஜெபிப்பது வழக்கம். அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படி. முதலில் அவன் ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு நிமிர்த்திவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் கடைசி ஆமெனுக்கு மட்டும் வந்து சேர ஆரம்பித்தான்.

மனைவி ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அளந்து பேசுகிறவள். "நீங்க கண்ணை மூடினாலும் உள்ளுக்குள்ள கட்டைவிரல் தள்ளிக்கிட்டேதான் இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள்.

"ஆண்டவர் வேலைதானே பாக்கறேன். சினிமாவா பாக்கறேன்?" என்றான் அவன்.

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அப்பா குறை சொல்லமாட்டார். கிண்டல் மட்டும்தான். தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, "ஏண்டா, நேத்து ஆண்டவரை எத்தனை பேருக்குப் புடிச்சிருந்துதாம்?" என்பார். அவனும் சிரித்துக்கொண்டே எண்ணைச் சொல்வான். "பரவாயில்லையே, வேலை உறுதியாயிடும் போலிருக்கே அவருக்கு" என்று அப்பா துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார். எதையும் நான்காக மடிக்காமல் அவருக்குக் கை நிற்காது. ஆயிரக்கணக்கான படுக்கைவிரிப்புகளை மடித்த கை.

சபையின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வெளியூரிலிருந்து பேர்பெற்ற பாடகர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. இரண்டு வாரமாக அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அன்று காலை மனைவி ஆறு மணி வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். ஆறேகால் இருக்கும். அவன் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பாடகரின் ஆளிடம் எந்த மைக் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். அப்பா அறை வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை திறந்து கிடந்தது.

"இந்தப் பட்டனைக் கொஞ்சம் போட்டு விடுடா. இந்தக் கை இன்னைக்குச் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

இடது கையைத்தான் சொன்னார். அவன் பேச்சை நிறுத்தாமலே பட்டன்களைப் போட்டுவிட்டான். ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றிச் சரிசெய்தான். பேசி முடித்த பிறகுதான் கேட்டான்.

"கை என்னப்பா?"

"மரத்த மாதிரி இருக்கு. படுத்த வாட்டத்துல இருக்கும்."

"ஆராதனை முடிஞ்சதும் நேரா டாக்டர்கிட்ட போயிடுவோம்பா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"அவசரமில்லடா. முடியட்டும்."

காரிலிருந்து இறங்கும்போது அப்பாவின் கால் கொஞ்சம் இழுத்தது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு ஒயர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். அப்பா எப்போதும்போல, இன்னும் ஆள் வராத சபைக் கோயிலில், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அந்த வெறும் நேரம் பிடிக்கும்.

ஒன்பது மணிக்கு ஆராதனை தொடங்கியது. பாடகர் பாடப் பாட மூலையில் எண் ஏறியது. மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரத்தைத் தாண்டியது. பாட்டு முடிந்து, போதகர் ஜெபத்துக்கு அழைத்தபோது பத்து மணி. எண் சரிய ஆரம்பித்தது. அவன் பரபரவென்று ஒவ்வொரு கேமராவாகத் தேடினான். பிடித்து நிறுத்த ஒரு முகம் வேண்டும்.

அப்போது அப்பா அகப்பட்டார். ஜன்னல் வெளிச்சம் நரைத்த தலையில் விழுந்திருந்தது. தலை மார்பில் கவிழ்ந்து, ஒரு கை மடியில் கிடந்தது. எந்தப் படக்காரனும் ஏங்குகிற காட்சி. அவன் மெல்ல நெருக்கினான். எண் நின்றது. கொஞ்சம் யோசித்தது போல நின்று, பிறகு ஏறத் தொடங்கியது. பக்கத்தில் வரிவரியாகச் செய்திகள் ஓடின. 'என்ன ஒரு பக்தி.' 'எங்கப்பா ஞாபகம் வருது.' இதயக்குறிகள் குமிழ் குமிழாக மேலே போயின. அவன் காட்சியை மாற்றவே இல்லை.

அந்த வரிகளுக்கு நடுவில் ஒரு வரி வந்தது. 'அது ஜெபம் இல்லை. முகத்தின் இடப் பக்கத்தைப் பார். உடனே போ.' அவன் கண் அதன்மேல் பட்டது. பட்டும் அது அவனுக்கு ஓடுகிற நூறு வரிகளில் ஒரு வரியாகத்தான் இருந்தது. மேசையில் ஃபோன் அதிர்ந்தது. நர்ஸ் அத்தை. கவிழ்த்துவைத்தான். மறுபடி அதிர்ந்தது. அணைத்துவிட்டான்.

ஆறு நிமிடம் அப்பா திரையில் இருந்தார்.

ஆமென் சொல்லி எல்லோரும் பாட எழுந்தார்கள். அகலக் காட்சியில் ஒரு தலை மட்டும் எழவில்லை. அப்போதுகூட அவனுக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஜெபத்திலேயே மூழ்கிவிட்டார் என்று தோன்றியது. மறுபடியும் அவர் பக்கமே கேமராவைத் திருப்பினான். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருந்த பெண் அப்பாவின் தோளைத் தொட்டாள். அப்பா பெஞ்சோடு சரிந்தார். நாலாயிரத்து முந்நூறு பேர் அதைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றாள். அவனிடம் பேச முடியாமல் நர்ஸ் அத்தை அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே போனதும் இளம் டாக்டர் ஒருத்தி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? சரியான நேரம் வேணும்" என்றாள்.

"பத்து மணிக்குக் கோயில்ல ஆரம்பிச்சிருக்கு" என்றாள் மனைவி. "ஒரு மணி நேரம்தான் ஆகுது."

டாக்டரின் முகம் தெளிந்தது. மருந்து கொண்டுவரச் சொல்லித் திரும்பினாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். அந்தக் காலை நேரம் அவனுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"இல்லைங்க" என்றான். "காலையில ஆறேகாலுக்கே இடது கை வேலை செய்யல. சட்டைப் பட்டன் போட முடியல. நான்தான் போட்டு விட்டேன்."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது, இனி அந்த மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் கசியும், கொடுக்கக் கூடாது என்றாள். "சொன்னது நல்லதுதான்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "கொடுத்திருந்தா உயிர் இங்கேயே போயிருக்கலாம்."

அப்பா மூன்று நாள் இருந்தார். பேச்சு கூழாகக் குழைந்துவிட்டது. வலது கை மட்டும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து மடிக்கப் பார்த்தது. ஒரு மடிப்பு விழும், நழுவும், மறுபடி பிடிக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா கண்ணைத் திறந்தார். அவனை அடையாளம் தெரிந்தது. உதடு கோணி, வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"ஆராதனை... முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா" என்றான்.

"அப்ப போலாம்" என்றார் அப்பா.

அவன் சொன்ன சொல்லை அவர் நம்பிக் காத்திருந்திருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்ன சொல். தான் வந்து படுத்திருப்பதே ஆஸ்பத்திரியில்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு அக்கா வந்தாள். ஒரு ராத்திரிப் பயணதூரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வந்திறங்கியவள் அழவில்லை. ஃபோனை எடுத்து அவனிடம் காட்டினாள். யாரோ அந்த ஆறு நிமிடத்தை வெட்டி, விழுந்ததை நீக்கிவிட்டு, மெல்லிய இசை சேர்த்து, 'ஜெபத்திலேயே ஆண்டவரிடம் போனவர்' என்று தலைப்பிட்டுச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள்.

"பாருடா, எவ்வளவு அமைதியா இருக்காரு. வழியெல்லாம் இதைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். இது இல்லன்னா நான் வந்து சேந்திருக்க மாட்டேன்."

அவன் ஃபோனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

போதகரும் தழுதழுத்தார். "எத்தனை பேர் மனம் திரும்பறாங்க தெரியுமா தம்பி? ஒருத்தர் பத்து வருஷம் கழிச்சுக் கோயிலுக்குப் போனேன்னு எழுதியிருக்காரு. அப்பா சாவுகூடச் சாட்சியாயிடுச்சு." சபைப் பக்கத்திலும் அதைப் போட அனுமதி கேட்டார். அவன் தலையை ஆட்டிவைத்தான். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை. அடக்கம் முடிந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. பல் துலக்கிக்கொண்டே பழக்கதோஷத்தில் ஃபோனைத் திறந்தான். மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.

ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் அவன் நெஞ்சு குளிர்ந்தது. முதல் தடவை நாற்பதாயிரத்தைப் பார்த்தபோது குளிர்ந்த அதே இடம், அதே குளிர்ச்சி.

அடுத்த நொடி, கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நுரையோடு சேர்த்துக் குமட்டினான். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்பா செத்துக்கொண்டிருக்கும் படம். அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை. அதில் இவனுக்கு ஒரு சந்தோஷம். எதற்கு முன்னால் தான் இத்தனை வருடம் மண்டியிட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அங்கேதான், வாயில் பற்பசை வழிய, விளங்கியது.

அன்று வேலைக்குப் போகவில்லை. நர்ஸ் அத்தை வீட்டுக்குப் போனான். மூன்று வருடமாக அந்தப் படி ஏறவில்லை. அவள் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் டிவி. அவனைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தரையில் உட்கார்ந்தான்.

"கூப்பிட்டீங்க அத்தை. நான் எடுக்கல."

"ரெண்டு தடவை."

"ஆமா."

"மூணாவது தடவை, ஃபோன் அணைச்சு வச்சிருக்குன்னு வந்துது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை பேசியபோது குரலில் கோபமில்லை.

"நான் மட்டும் என்ன யோக்கியம்? மொதல்ல பாத்தப்போ தூங்கிட்டாருன்னு நெனச்சுச் சிரிச்சேன்டா. ஒரு நிமிஷம் முழுசா சிரிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸ் வேலை பாத்தவ. வாய் கோணினது அப்புறம்தான் கண்ணுல பட்டுது. அந்த ஒரு நிமிஷத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் அழுவதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "அந்தப் பதினோரு பேர்ல இப்ப நாங்க நாலு பேர்தான் மிச்சம். தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. யார் யார் போனார்கள் என்று கேட்டான். ஏழு பேர் பெயரையும் அவள் சொன்னாள். இரண்டு பேர் இறந்ததே அவனுக்குப் புதுச் செய்தி.

அங்கிருந்து நேராகப் போதகரிடம் போனான். காலை நேரம் தொடங்கி, அணைத்த ஃபோன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். பல் துலக்கும்போது நடந்ததைச் சொல்லத்தான் நாக்குப் புரளவில்லை. அதையும் சொன்னான்.

"நம்ம வீட்ல எந்தச் சிலையும் கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டே வளந்தேன் ஐயா. எனக்குன்னு ஒண்ணு இருந்திருக்கு. சட்டைப் பையில அடங்குற அளவுக்கு. ஜெபம் எப்ப முடியும்னு காத்திருந்திருக்கேன், அதுக்கு முகம் சுண்டிடக் கூடாதுன்னு. அதுக்கு எங்கப்பாவையே கொடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாத தம்பி. உன் மனசு ஆண்டவருக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா. அதுதான் பயமா இருக்கு. படத்தை எடுத்துடுங்க."

போதகர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அந்தப் பத்து வருடம் கழித்துக் கோயிலுக்குப் போனவரைப் பற்றி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு காகிதங்களைத் தள்ளிவைத்தார்.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில உனக்கு ஃபோன் பண்ணுவேனே" என்றார். "மொதல்ல என்ன கேப்பேன்?"

"எத்தனை பேர்னு கேப்பீங்க."

"ஒரு தடவையாவது, அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டிருக்கேனா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஜெபிக்க மண்டியிட்டார்கள். வார்த்தை வரவில்லை. கொஞ்சநேரம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தார்கள்.

சபைப் பக்கத்திலிருந்து படம் நீக்கப்பட்டது. ஆனால் ஊரெல்லாம் நகல்கள் சுற்றின. அதை இனி யாராலும் வாரி எடுக்க முடியாது.

அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி. மனைவி தடுத்தாள். "அவங்களுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். உங்க பாரத்தை எறக்கி வைக்க அவங்க தலையா கெடைச்சுது?" நியாயமான கேள்வி. இரண்டு நாள் அதையே யோசித்தான். ஆனால் கல்லறைக்கல் செய்கிறவர் வாசகம் கேட்டபோது அக்கா, "ஜெபத்திலேயே ஆண்டவரிடம் சேர்ந்தார்னு போடணும்" என்றாள். அதைக் கல்லில் வெட்டிவிட்டால், ஆயுசு முழுவதும் அந்தக் கல்லுக்கு முன்னால் தன்னால் நிற்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அக்கா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கையில் இருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"அப்ப, நான் பாத்துக்கிட்டு வந்தது..."

"ஜெபம் இல்லக்கா."

"அவரு செத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் அதைப் பாத்து ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு வந்திருக்கேன்."

"ஆமாக்கா."

"நீ மேல உக்காந்து படம் புடிச்சுக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

அவள் பாத்திரத்தை மெதுவாக மேசையில் வைத்தாள். அடித்திருந்தால், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு அப்பா ரெண்டாவது தடவை செத்துட்டாருடா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் விடிகாலை அவன் எழுவதற்குள் கிளம்பிப் போய்விட்டாள்.

நான்கு மாதம் அவளிடமிருந்து பேச்சில்லை. ஞாயிறுதோறும் கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஒரு ஃபோன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்பதை அவன் அப்போது கற்றுக்கொண்டான்.

மாடி மேசையை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டான். போதகரும் மூப்பர்களும் பேசி, கேமராவை ஒன்றாகக் குறைத்தார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இனி யாரும் கேட்பதில்லை என்று முடிவானது. பலர் கழன்றுகொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீடு வீடாகப் போய்ப் படுத்திருப்பவர்களைப் பார்க்கத் தொடங்கினான். அதனால் மனம் ஆறியது என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வதாக இருக்கும். காலை ஜெபத்தில் உட்கார்ந்தால் இன்னமும் கட்டைவிரல் துடித்தது. 'ஆண்டவரே' என்று ஆரம்பிப்பான். அதற்குமேல் எதைச் சொன்னாலும் யாரோ பார்ப்பதற்காகச் சொல்வது போலிருக்கும். நிறுத்திவிடுவான். மனைவி காத்திருப்பாள். அவள் அவனை மன்னித்தாளா என்று அவன் கேட்டதில்லை. ஒரு நாள் அவன் தலை கவிழ்ந்து வெகுநேரம் இருந்தபோது, அவள் சட்டென்று எழுந்து வந்து அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, பாத்தேன்" என்றாள்.

ஐந்தாம் மாதம் கல் செய்கிறவர், எழுதாத கல்லை இனிமேல் வைத்திருக்க இடமில்லை என்றார். அவன் அக்காவுக்கு எழுதினான். 'நீ சொல்ற வார்த்தையே போடறேன்க்கா. கல்லு உனக்கும் சேத்துதான்.' பதில் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, வாசலில் பெட்டியோடு அவளே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். உள்ளே வரவில்லை.

"வா, அங்க போவோம்" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்பாவின் மேட்டில் புல் முளைத்திருந்தது. கல் செய்கிறவர் நோட்டும் பென்சிலுமாக ஓரமாக நின்றார்.

"அவரு பேரு போடுங்க" என்றாள் அக்கா. "பொறந்த வருஷம், போன வருஷம். வேற எதுவும் வேணாம்."

"வசனம் ஏதாவதுங்க?" என்றார் அவர். "எல்லாரும் போடுவாங்க."

"வேணாம். அவரு எப்படி இருந்தாருன்னு ஆண்டவருக்குத் தெரியும். பாக்க வர்றவங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்ல."

அவர் குறித்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் நின்றார்கள்.

"மன்னிச்சுடுக்கா" என்றான்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்றதுக்குத்தான் கெளம்பி வந்தேன். இங்க வந்து நின்னா வாயில வரலடா. வரும்போது சொல்றேன்."

"சரிக்கா."

"ஜெபம் பண்ணு."

"என்னால முடியலக்கா. ஆரம்பிக்கறேன், ஓட மாட்டேங்குது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, எங்களுக்கு அப்பா இல்ல" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கும் வந்தது. அவன் அவளுக்குப் பின்னால் அதையே சொன்னான். மறுபடி ஒரு தடவை சொன்னான். தூரத்தில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. வெயில் முதுகில் உறைக்கும்வரைக்கும் அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

சாயங்கால வண்டிக்கே அக்கா திரும்பிப் போனாள். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "ஞாயித்துக்கிழமை கூப்பிடு, எடுப்பேன்" என்றாள்.